இயங்குதளத்துக்கு ஓர் ஆயுத பூஜை

ஓய்வு பெற்றவனுக்கு வேலை கொடுக்கிறவர்கள் அவனுடைய அறிவுக்காகக் கொடுப்பதில்லை. அவன் வேலை பார்த்த இடத்தின் பெயருக்காகக் கொடுக்கிறார்கள். இது தெரிந்துதான் நான் போனேன். மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் கொள்முதல், தரச் சோதனை, கடைசிச் சில ஆண்டுகள் ஒழுங்கு நடவடிக்கை விசாரணைகள் என்று காலத்தை ஓட்டியவன் நான். பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் அடுக்ககத்தின் குடியிருப்போர் சங்கம் என்னைச் செயலாளராக்கத் துடித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் லாரிக்காரரோடும் லிஃப்ட் கம்பெனியோடும் மல்லுக்கட்டுவதைவிட ஒரு தனியார் கம்பெனியின் மடமையைச் சகித்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. அதற்காவது சம்பளம் தருகிறார்கள்.

கம்பெனி பீன்யா தொழிற்பேட்டையில் இருந்தது. பஸ் கண்டக்டர்கள் கையில் வைத்துக்கொண்டு டிக்கெட் அடிக்கிறார்களே, அந்தச் சின்ன மெஷினைச் செய்கிறவர்கள். மெஷினின் உடம்பு பீன்யாவில் தயாரானது. உள்ளே அதை இயக்குகிற மென்பொருள், அதாவது இயங்குதளம், வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுடையது. இந்த மெஷின்களில் கொஞ்சம் அந்த நாட்டுக்குப் பிடிக்காத இன்னொரு நாட்டின் பஸ்களுக்கும் போயிருந்தன. அங்கே யாரோ ஒரு கண்டக்டர் எங்கள் மெஷினில் டிக்கெட் கிழித்தது உலக அமைதிக்கு ஆபத்து என்று இயங்குதளக்காரர்களின் அரசாங்கம் முடிவு செய்தது. எங்கள் கம்பெனியின் பெயர் தடைப் பட்டியலில் ஏறியது. இயங்குதளக்காரர்கள் ஒரே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

தடை போட்டவர்களின் முட்டாள்தனம் ஒருபுறம் இருக்கட்டும், அது தொலைவில் இருக்கிறது. பக்கத்தில் இருந்த முட்டாள்தனத்தைத்தான் நான் தினமும் பார்த்தேன்.

எங்கள் நிர்வாக இயக்குநர் மூன்று தலைமுறையாகப் பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துக்காரர். தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றும் ஒரே வாக்கியத்தில் ஓடும், ஒன்றும் முழுசாகப் போய்ச் சேராது. எல்லாரையும் கேன்டீனில் கூட்டி வைத்து, "ஒரே வருஷம். நம்ம சொந்த ஓ.எஸ். யார் காலையும் பிடிக்கத் தேவையில்ல" என்று அறிவித்தார். பெயர் வைக்க ஒரு போட்டி நடந்தது. சம்ஸ்கிருதத்தில் 'தானாகவே தோன்றியது' என்று பொருள்படும் பெயர் ஜெயித்தது. அதைச் சொன்னவருக்குக் கைக்கடிகாரம் பரிசு. இயங்குதளத்தில் ஒரு வரிகூட எழுதப்படாத நேரம் அது. அந்த வகையில் பெயர்தான் தானாகவே தோன்றியது.

அந்தச் 'சொந்த' இயங்குதளம் எப்படிச் செய்யப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடிப்படை, உலகத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு மூலநிரல். அதில் தப்பு ஒன்றும் இல்லை, எல்லாரும் அதைத்தான் எடுக்கிறார்கள். ஆனால் எடுத்தோம் என்று சொல்வதில்லை. அதன்மேல் எங்கள் மெஷினுக்குத் தேவையானதை எழுதுவதுதான் நிஜமான வேலை. டிக்கெட் பேப்பர் உருள வேண்டும், பேட்டரி தாங்க வேண்டும், ஸ்டேஜ் கணக்கு தப்பக்கூடாது. அந்த வேலையைச் செய்தது ஒரு சிறிய குழு. அதற்குத் தலைவி ஒரு பெண்.

எனக்கு அவளை முன்பே தெரியும். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். அங்கேயே பிறந்து அங்கேயே கட்டிக்கொடுக்கப்பட்ட கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண், நாற்பதைத் தாண்டியவள். ஆபீசில் என்னைச் சார் என்பாள், தெருவில் அங்கிள் என்பாள். ஒருநாள்கூட மாற்றிச் சொன்னதில்லை. கணவருக்குச் சிவாஜிநகரில் துணிக்கடை இருந்தது. மாலில் எல்லாரும் வாங்க ஆரம்பித்த பிறகு அதை மூடிவிட்டார்கள். வீடு அவள் சம்பளத்தில்தான் நடந்தது.

எழுதிய நிரலை மெஷினுக்குப் புரிகிற மொழிக்கு மாற்ற ஒரு கருவி வேண்டும். அந்தக் கருவியும் அதே வெளிநாட்டில் வாங்கியது. பணம் முழுசாகக் கட்டியாயிற்று, ஆனால் ஒரு சிக்கல். அது இருக்கும் கணினியை அணைத்துப் போடும் ஒவ்வொரு முறையும், கருவி தன் சொந்தக்காரர்களிடம் இணையத்தில் அனுமதி கேட்கும். அவர்கள் சரி என்றால் வேலை செய்யும். தடை வந்த பிறகு அவர்கள் சரி சொல்லக்கூடாது என்று சட்டம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் கேட்காது. ஆகவே அந்தக் கணினி தடை வந்த நாளிலிருந்து அணைக்கப்படவே இல்லை. கரண்ட் போனால் தாங்க அதற்கென்று தனி பேட்டரி. முகப்பில் 'அணைக்காதீர்' என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு காகிதம். யார் காலையும் பிடிக்காத எங்கள் இயங்குதளம் அந்த ஒரு கணினியின் காலைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு இருந்தது.

அவள் இதைப் பல கூட்டங்களில் சொன்னாள். இலவசமாகக் கிடைக்கிற வேறு கருவிக்கு மாறிவிடலாம், சில மாதம் ஆகும் என்று. "தேதி சொல்லிட்டேன்மா, பிரஸ்ல வந்தாச்சு" என்று இயக்குநர் முடித்துவிடுவார். கூட்டக் குறிப்பு எழுதியது நான்தான். ஆகவே அவள் சொன்னதும் இருக்கிறது, அவர் சொன்னதும் இருக்கிறது.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

பெங்களூரில் கம்பெனிகள் விடுமுறைக்கு முந்தின வேலைநாளிலேயே பூஜையை முடித்துவிடும். வாசலில் வாழை மரம், ஒவ்வொரு மேஜையிலும் செவ்வந்திச் சரம், கடைசியில் பொரியும் கடலையும் பொட்டலமாக எல்லாருக்கும். பீன்யா பட்டறைகளில் அன்று லேத்தை நிறுத்திவிட்டுத்தான் பொட்டு வைப்பார்கள். அதற்கு நல்ல காரணம் இருக்கிறது. ஓடுகிற லேத்துக்குப் பொட்டு வைத்தால் விரல் போய்விடும். எங்கள் கம்பெனி அந்த லேத் நியாயத்தைக் கணினிக்கும் கொண்டுபோனது. ஆயுதம் ஓய்வில் இருக்கும்போதுதான் பூஜை, எல்லாவற்றையும் அணைக்க வேண்டும் என்றார் இயக்குநர். முக்கியமான அந்தக் கணினியைத் தன் கையாலேயே அணைத்து, பூஜை முடிந்ததும் தன் கையாலேயே உயிர் கொடுப்பதாக ஏற்பாடு. விளம்பரப் பிரிவு படமெடுக்கும்.

ஏற்பாடுகளைப் பேசின கூட்டத்தில் அவள் எழுந்தாள்.

"சார், அந்த ஒரு மெஷினை மட்டும் அணைக்க வேண்டாம். பூ வையுங்க, பொட்டு வையுங்க, என்ன வேணா செய்யுங்க. ஓடிட்டே இருக்கட்டும்."

மனிதவளத் துறைத் தலைவர் முகத்தைக் கனிவாக வைத்துக்கொண்டார். அவர் கனிவாக இருந்தால் யாருக்கோ கெட்ட நேரம் என்று ஆபீசில் சொல்வார்கள். "மேடம், உங்க ஃபீலிங்ஸ் எங்களுக்குப் புரியுது. ஆனா இது எல்லாருக்குமான ஃபங்ஷன்."

"ஃபீலிங்ஸ் இல்ல சார். லைசன்ஸ்."

அறையில் இருந்தவர்களின் கண் எல்லாம் ஒரு விநாடி அவள் கழுத்துச் சங்கிலிக்குப் போய்விட்டுத் திரும்பியது. இயக்குநர் பெருந்தன்மையானார்.

"பரவாயில்லம்மா. அந்த அரைமணி நேரம் நீங்க கேன்டீன்ல உக்காருங்க, பிரசாதம்கூட எடுத்துக்க வேணாம். யாரும் தப்பா நினைக்க மாட்டோம். நம்ம கம்பெனியில எல்லா மதமும் ஒண்ணுதான்."

அவள் முகம் இறுகியது. இருபது வருஷமாக இதே மாதிரி கம்பெனிகளில் பூஜைக்கு நின்றவள், பொரி வாங்கித் தின்றவள், பக்கத்து மேஜைக்காரிக்குச் சரம் கட்டிக் கொடுத்தவள். இனி அவள் எதைச் சொன்னாலும் அது தொழில்நுட்பமாக இராது, மதமாகிவிடும். அது புரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

நான் சொன்னேன். "இதில் மதம் எங்கே வந்தது? நானும் அதையேதான் சொல்கிறேன். அணைத்தால் அந்தக் கருவி திரும்ப வராது."

"சார், நீங்க கவர்மென்ட் ஆளு. பண்ணாதேன்னு சொல்லித்தானே பழக்கம்" என்றார் இயக்குநர். எல்லாரும் சிரித்தார்கள். "பத்து நிமிஷம் சார். ஆஃப் பண்ணா ஆன் பண்ணத் தெரியாதா நமக்கு?"

பூஜையன்று அவர் மைசூர் தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்தார். சந்தனப் பொட்டு வைக்க இடம் வேண்டுமென்று 'அணைக்காதீர்' காகிதத்தை யாரோ பவ்யமாக உரித்து எடுத்தார்கள். பட்டனை அழுத்தினார். கைதட்டல். மந்திரம், கற்பூரம், வாசலில் பூசணிக்காய் உடைந்தது. மறுபடி பட்டனை அழுத்தினார். கணினியும் சொன்னபடி எழுந்தது. விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது. மறுபடி கைதட்டல். பொரிப் பொட்டலத்தோடு எல்லாரும் விடுமுறைக்குப் போனார்கள். அவள் மட்டும் போகவில்லை. கணினிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய்த் திரையைப் பார்த்தேன். கருவி தன் சொந்தக்காரர்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தது.

"கேட்டுட்டே இருக்கும் சார்" என்றாள். "யாரும் எடுக்க மாட்டாங்க."

விடுமுறை முடிந்து வந்தபோது அது நின்ற இடத்திலேயே நின்றிருந்தது. இரண்டு பஸ் கழகங்களுக்கு மெஷினைக் காட்டுவதாகச் சொன்ன தேதிகள் கையை விட்டுப் போயின. சொந்த இயங்குதளம் என்று ஊரெல்லாம் சொல்லியாயிற்று, அதில் ஒரு எழுத்தை மாற்றினால்கூட மெஷினில் ஏற்ற வழியில்லை. பெரிய அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வாரம் பேசினார்கள். எப்படிச் சரி செய்வது என்று பேசியிருப்பார்கள் என நினைக்கிற அளவுக்கு நான் அப்பாவி அல்ல.

அவளுக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பு வந்தது. முதல் குற்றம்: தன் பொறுப்பில் இருந்த கணினி செயலிழக்கக் காரணமாக இருந்தது, மாற்று ஏற்பாடு செய்யாதது. இரண்டாவது குற்றம்: கம்பெனியின் விழாவுக்கு ஒத்துழைக்காத மனப்பான்மை. இரண்டாவதை யார் எழுதியிருப்பார்கள் என்று கேட்கத் தேவையில்லை, அந்தக் கனிவு வரிக்கு வரி தெரிந்தது. அவளை இடைநீக்கம் செய்யவில்லை. அவளைத் தவிர யாருக்கும் அந்த நிரல் தெரியாதே. குற்றம் சாட்டி, கையோடு வேலையையும் பார்க்கச் சொன்னார்கள்.

அன்று மாலை கம்பெனி பஸ்ஸில் சிவாஜிநகர் வரை ஒன்றாக வந்தோம். இறங்கியதும் அவள் அங்கிளுக்கு மாறினாள்.

"வேலை போனா வேற வேலை தேடலாம் அங்கிள். ஆனா இப்படிப் பேர் வாங்கிட்டுப் போனா யார் எடுப்பாங்க? எந்தக் கம்பெனியா இருந்தாலும் ஆள் வெச்சுப் பழைய இடத்துல விசாரிப்பாங்க. நெக்லிஜென்ஸ்னு ஒரு வார்த்தை போதும், முடிஞ்சுது."

"இரண்டாவது குற்றம்?"

"அதை நான் வீட்ல சொல்லவே இல்ல."

விசாரணை அதிகாரியாக என்னை நியமித்தார்கள். முறை தெரிந்த ஆள், வயசானவர், சம்பளம் வாங்குகிறார், வேண்டியதை எழுதிக் கொடுப்பார் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் எங்கள் பேட்டைக்காரர், எனக்குப் பழக்கமானவர், நான் அந்தக் கூட்டத்திலும் இருந்தவன், ஆகவே வேறு ஆளைப் போடலாம் என்று எழுதிக் கொடுத்தேன். இயக்குநர் அதைப் படிக்காமலே ஓரத்தில் கையெழுத்துப் போட்டு, 'தொடரவும்' என்று திருப்பினார். அவர்களுக்கு முறை என்றால் தாள் நகர்வது. தாளில் எழுத்து இருக்கும் என்பது நினைவிருப்பதில்லை.

விசாரணையை நான் ஒழுங்காக நடத்தினேன். எனக்கு வேறு மாதிரி நடத்தத் தெரியாது. நதியின் பெயர் வைத்த ஒரு கூட்ட அறையில் உட்கார்ந்தோம். கம்பெனி தரப்பில் வழக்கை எடுத்துச் சொல்ல மனிதவளத் துறைத் தலைவர். குற்றம் ஒப்புக்கொள்கிறீர்களா என்று அவளைக் கேட்டேன். இல்லை என்றாள். அவருடைய சாட்சிகள் வந்தார்கள். கட்டடப் பராமரிப்பு மேலாளர் தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். விளம்பரப் பிரிவுக்காரர் விழா சிறப்பாக நடந்தது என்றார். பிறகு, உங்கள் தரப்பில் சாட்சி உண்டா என்று அவளைக் கேட்டேன்.

"எம்.டி. சார்."

மனிதவளத் துறைத் தலைவர் தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தார். "எம்.டி.யையா? விட்னஸாவா?"

"விதியில் அவருக்கு விலக்கு இல்லை" என்றேன். "இருந்தால் எந்தப் பிரிவு என்று காட்டுங்கள், பதிவு செய்துகொள்கிறேன்."

அவர் விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். அது அவருடைய துறையே அச்சடித்த புத்தகம். முதன்முறையாகத் திறக்கிறார் என்பது தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்ததில் தெரிந்தது.

இயக்குநர் வந்தார். கல்யாண வீட்டுக்கு வருகிறவர் மாதிரி எல்லாருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கேள்வி கேட்பது குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமை. அவள் கேட்டாள்.

"அந்த மெஷின் பட்டனை அழுத்தினது யாரு சார்?"

"டீம்."

"டீம்னா யாரு சார்?"

"எல்லாரும் சேர்ந்துதான்மா. அது ஒரு கலெக்டிவ் மொமென்ட்."

"கை யாரோடது சார்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் பக்கத்தில் விசாரணைக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த எழுத்தரைப் பார்த்தேன். அவள் தன் போனில் இருந்த படத்தை அறையின் பெரிய திரையில் போட்டாள். கம்பெனியே இணையத்தில் போட்ட படம்தான். நாதஸ்வர இசை சேர்த்து, அந்த இடத்தை மட்டும் மெதுவாக ஓடவிட்டிருந்தார்கள். தலைப்பாகை, புன்னகை, பிறகு திரை முழுக்க ஒரு விரல். நவரத்தின மோதிரம் போட்ட விரல். சாட்சி மேஜைமேல் வைத்திருந்த கையிலும் அதே மோதிரம்.

'சாட்சி தன் விரலை அடையாளம் காட்டினார்' என்று எழுதச் சொன்னேன்.

"நான் பட்டன் அழுத்தினேன், ஒத்துக்கறேன். ஆனா அதனால ஆஃப் ஆயிடும்னு..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"பட்டனை அழுத்தினால் அணையும் என்பது சாட்சிக்குத் தெரியாது என்று பதிவு செய்யலாமா சார்?" என்று கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன். பல அமைச்சகங்களின் செயலாளர்களிடம் பேசிப் பழகிய மரியாதை அது.

வேண்டாம் என்றார். கேள்வியும் பதிவானது, வேண்டாம் என்றதும் பதிவானது.

அறிக்கையை விரைவாக முடித்தேன். முதல் குற்றம் நிரூபிக்கப்படவில்லை. கணினியை அணைத்தவர் நிர்வாக இயக்குநர், அணைக்க வேண்டாம் என்றவர் குற்றம் சாட்டப்பட்டவர், மாற்று ஏற்பாடு கேட்டவரும் அவரே, மறுத்தவர் இயக்குநர். இரண்டாவது குற்றமும் நிரூபிக்கப்படவில்லை, அதைச் சுமத்தவே அடிப்படை இல்லை. இயக்குநர் சாட்சியாகிவிட்டதால் முடிவெடுக்கும் இடத்தில் அவர் இருக்க முடியாது, அறிக்கை இயக்குநர் குழுவுக்குப் போக வேண்டும். இவ்வளவுதான்.

அது எங்கேயும் போகவில்லை. மனிதவளத் துறையின் அலமாரியில் கிடந்தது. நினைவூட்டல் அனுப்பினேன், 'பரிசீலனையில்' என்று பதில் வந்தது. என் ஒப்பந்தத்தை அடுத்த ஆண்டுக்கு நீட்டிக்கப்போவதில்லை என்ற கடிதம் மட்டும் பரிசீலனை எதுவும் இல்லாமல் வந்தது. மதிப்பிற்குரிய என்று தொடங்கி நன்றி என்று முடிந்த அழகான கடிதம்.

அவள் தினமும் வந்தாள். தீர்ப்பு வராத ஆளைக் கேன்டீனில் எப்படிப் பார்ப்பார்கள் என்பது எல்லா அலுவலகங்களிலும் ஒன்றுதான். டிரேயைத் தூக்கிக்கொண்டு வேறு மேஜைக்கு நகர்வார்கள், போகிற போக்கில் சிரித்து வைப்பார்கள். அவளும் அவள் குழுவும் அந்த இலவசக் கருவிக்கு மாறினார்கள். வேறு வழியே இல்லை, ஆகவே இம்முறை யாரும் தேதி சொல்லித் தடுக்கவில்லை. நிரலில் பாதி புதுக் கருவிக்கு ஒத்துவரவில்லை. பழைய கருவியின் தயவில் எழுதியிருந்த இடங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மறுபடி எழுதினார்கள். மாதங்கள் ஆயின. வேலை முடிந்தபோது நிரல் சிறுத்திருந்தது, டிக்கெட் முன்பைவிட வேகமாக வந்தது. பஸ் கழகம் ஒன்று முதல் சோதனையில் திருப்பி அனுப்பியது, இரண்டாவதில் ஏற்றுக்கொண்டது. யாரிடமும் அனுமதி கேட்காத இயங்குதளம் என்பது அன்றுதான் உண்மையானது. அறிவிப்பு வந்து ஒரு வருஷம் எப்போதோ தாண்டியிருந்தது.

இதற்குப் பிறகு நடந்ததை வேறு யாராவது சொல்லியிருந்தால் மிகை என்று ஒதுக்கியிருப்பேன்.

தொழிலதிபர்கள் கூட்டம் ஒன்றில் எங்கள் இயக்குநர் பேசினார். அந்தப் பேச்சைக் கம்பெனியில் எல்லாருக்கும் அனுப்பினார்கள். "ஒரு நாள் நான் முடிவு பண்ணேன். இந்த வெளிநாட்டுக் கருவி இருக்கிற வரைக்கும் நாம நம்ம கால்ல நிக்க மாட்டோம். அதனால ஆயுத பூஜை அன்னிக்கு, என் கையாலேயே அந்த சுவிட்சை அணைச்சேன். திரும்பிப் போக வழியே இருக்கக்கூடாதுன்னுதான்." பின்னால் அந்த விரல் படம் ஓடியது. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

மறுநாள் மனிதவளத் துறைத் தலைவர் என் அறைக்கே வந்தார். ஒப்பந்தம் முடிய இன்னும் சில வாரம் இருந்தது.

"சார், உங்க ரிப்போர்ட்டைப் படிச்சேன். ரொம்ப நல்லா இருக்கு."

"எப்போது படித்தீர்கள்?"

"நேத்து. அதுல எம்.டி.தான் பட்டனை அழுத்தினார்னு தெளிவா வருதில்ல?"

"அவரே அடையாளம் காட்டியிருக்கிறார்."

"அதான் சார் வேணும். மேடம் அணைச்சாங்கன்னு ரெக்கார்ட்ல இருந்தா இப்போ நல்லா இருக்காது. அந்தப் பகுதியைக் கொஞ்சம் ஹைலைட் பண்ணித் தர முடியுமா?"

என் பணிக்காலத்தில் விசாரணை அறிக்கையை மாற்றச் சொன்னவர்கள் உண்டு, தொலைக்கச் சொன்னவர்கள் உண்டு. உண்மையை மஞ்சள் மையில் பளிச்சென்று காட்டச் சொன்னவர் இவர் ஒருவர்தான். நஷ்டமாக இருந்தவரை சுவிட்சை அணைத்தவள் அவள். சாதனையானதும் அணைத்தவர் அவர். நடுவில் உண்மை மாறவில்லை, அது யாருக்குத் தேவைப்படுகிறது என்பது மாறியது. முடியாது என்றேன். அறிக்கை முழுசாகத்தான் இருக்கும், முழுசாகவே ஏற்றுக்கொள்ளுங்கள்.

அவளுக்கு ஒரு கடிதம் கொடுத்தார்கள். 'தங்களது சிறப்பான பங்களிப்பைக் கருத்தில் கொண்டு குற்றச்சாட்டுகள் கைவிடப்படுகின்றன.' அவள் அதைப் பெற்றுக்கொள்ள மறுத்துத் திருப்பி அனுப்பினாள். என்னைக் கேட்காமலேதான் செய்தாள். கேட்டிருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன். மனிதவளத் துறைத் தலைவர் அவளைத் தேடி லேபுக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

"மேடம், வேலை இருக்கு, சம்பளம் வருது, கேஸ் இல்ல. இன்னும் என்ன வேணும்?"

"கைவிட்டோம்னா நான் தப்பு பண்ணேன், நீங்க பெரிய மனசு பண்ணி விட்டுட்டீங்கன்னு ஆகும். நிரூபிக்கப்படலைன்னு எழுதுங்க. ரெண்டையும் தனித்தனியா எழுதுங்க. முக்கியமா ரெண்டாவது."

"அது சும்மா ஃபார்மாலிட்டிக்கு போட்டது மேடம்."

"அப்போ ஃபார்மாலிட்டிக்கே எடுத்துடுங்க."

"எம்.டி. வருத்தப்படுவாரு."

"வெள்ளிக்கிழமை லாஞ்ச்ல மேடையில நான் நிக்கணும்னு சொன்னாரே. ஆர்டர் வந்தா நிக்கறேன்."

மேடைக்கு ஒரு பெண் பொறியாளர் அவசியம் தேவைப்பட்டாள். அழைப்பிதழில் வேறு போட்டாயிற்று. பல மாதம் பரிசீலனையில் இருந்த என் அறிக்கை அன்று மதியமே இயக்குநர் குழுத் தலைவரிடம் போனது. மாலைக்குள் உத்தரவு வந்தது. அறிக்கை முழுமையாக ஏற்கப்பட்டது, இரு குற்றங்களும் நிரூபிக்கப்படவில்லை, பணிப்பதிவில் எந்தக் குறிப்பும் இராது. அறிக்கையோடு நான் எழுதி இணைத்திருந்த மாதிரி உத்தரவின் வரிகளிலேயே இருந்தது. அவர்களுக்குச் சொந்தமாக எழுத நேரமில்லை.

வெள்ளிக்கிழமை அவள் மேடையில் நின்றாள். இயக்குநர் பேசினார், பட்டன் கதையை மறுபடியும் சொன்னார். அவளைப் பேசச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் பேசியிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன்.

நான் வேலையிலிருந்து நின்ற பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் அவளைப் பார்த்தேன். பிள்ளைகளைக் கணவரோடு அனுப்பிவிட்டு நின்று பேசினாள். நான் பல நாளாகச் சொல்ல நினைத்திருந்ததைச் சொன்னேன்.

"இப்போ விட்டுட்டு வந்துடு. காகிதம் சுத்தமா இருக்கு. இந்த இயங்குதளத்தைச் செஞ்ச ஆள்னு சொன்னா யார் வேணும்னாலும் எடுத்துக்குவாங்க. அந்த ஆளுக்குக் கீழே உழைக்கறது உனக்குக் கேவலமா இல்லையா?"



"உங்களுக்கு பென்ஷன் வருது அங்கிள். நீங்க தாராளமா கேவலமா நினைக்கலாம். எனக்கு இந்த வேலை வேணும்னுதான் அவ்வளவும் பொறுத்தேன். ஜெயிச்சுட்டு, விட்டுட்டுப் போகவா? அதுவுமில்லாம, நான் எழுதினது அங்கிள் அது. அவர் எத்தனை மேடையில வேணா தன்னோடதுன்னு சொல்லட்டும். ஒரு டிக்கெட் தப்பா வந்தா கண்டக்டர் திட்டறது எங்க லேபுக்குத்தான் வருது, அவருக்கு இல்ல."

"அது ஒரு பெருமையா?"

"பெருமை இல்ல. வேலை." சிரித்தாள். "நீங்க விசாரணை நடத்தினப்போ எம்.டி.யைப் பார்த்த மாதிரியே இப்போ என்னையும் பார்க்கறீங்க. போங்க அங்கிள். கறிக்கடையில கூட்டம் சேர்ந்துடும், நான் வரேன்."

பையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு சிவாஜிநகர் பஸ்ஸுக்காகச் சாலையைக் கடந்தாள். அவள் போயிருக்க வேண்டும் என்றுதான் நான் இன்னும் நினைக்கிறேன். அதை அவளிடம் மறுபடி சொல்லவில்லை.